ஒரு சொல்லும் ஓடுபாதையும்

பழைய அரபுப் புவிநூலார் மேற்குப் பெருங்கடலின் விளிம்பில் ஒரு தீவுக் கூட்டத்தைக் குறித்து வைத்தனர். ‘அல்ஜஸாயிருல் காலிதாத்’, அதாவது நிலைபேறுடைய தீவுகள் என்பது அவர்கள் வழங்கிய பெயர். கிரேக்க அறிஞர் தாலமியின் வழிநின்று, உலகின் நெடுக்கைக் கோடுகளை அங்கிருந்தே எண்ணத் தொடங்கியோர் அவர்களுள் உண்டு. இன்று ஸ்பெயின் நாட்டுக்குரிய கனாரித் தீவுகளே அவை என்பர். அவற்றுள் ஒன்றான டெனரீபில், 1977 மார்ச் 27 ஞாயிறன்று, இரு விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். வான்பயண வரலாற்றில் இத்தனை உயிர்களைக் கொண்ட விபத்து வேறொன்றில்லை. ஆயின் அது வானில் நேரவில்லை. தரையில் நேர்ந்தது என்பதே நாம் ஊன்றி நோக்கத் தக்கது.

அன்று நண்பகலுக்குப் பின் அண்டைத் தீவின் லாஸ் பால்மாஸ் விமான நிலையத்தில், பூக்கடையொன்றில் தீவுப் பிரிவினைவாதிகள் வைத்த குண்டு வெடித்தது. இன்னொரு குண்டு இருப்பதாகவும் அச்சுறுத்தல் வந்தது. நிலையம் மூடப்பட்டது. அங்கே இறங்க வேண்டிய விமானங்கள் டெனரீபின் லாஸ் ரோடியோஸ் நிலையத்துக்குத் திருப்பப்பட்டன. மலைமேல், கடல் மட்டத்துக்கு 600 மீட்டருக்கும் மேலே அமைந்த சிறு நிலையம் அது. ஒரே ஓடுபாதை, அதற்கு இணையாக ஒரு நகர்பாதை, இரண்டையும் இணைக்கும் நான்கு கிளைவழிகள். ஞாயிற்றுக்கிழமையாதலின் கோபுரத்தில் இருந்த கட்டுப்பாட்டாளர் இருவரே. தரையில் நகரும் விமானத்தைக் காட்டும் ரேடார் அங்கு இல்லை.

வந்த விமானங்களால் நிறுத்துமிடம் நிறைந்தது. நகர்பாதையிலும் விமானங்கள் நின்றன. அவற்றுள் இரண்டு போயிங் 747 வகைப் பெருவிமானங்கள். ஒன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த கே.எல்.எம். விமானம், மற்றது லாஸ் ஏஞ்சல்சிலிருந்து நியூயார்க் வழியாக வந்த பான் அமெரிக்கன் விமானம். லாஸ் பால்மாஸ் மீண்டும் திறக்கப்பட்டபோது பான் அமெரிக்கன் புறப்பட ஆயத்தமாக இருந்தது. ஆனால் முன்னே நின்ற கே.எல்.எம். விமானம் சுமார் 55,000 லிட்டர் எரிபொருளை நிரப்பிக் கொண்டிருந்தது. அதைச் சுற்றிக் கொண்டு செல்ல இடம் போதவில்லை. சில அடி அகலம் கூடுதலாக இருந்திருப்பின், பான் அமெரிக்கன் முன்னரே பறந்து போயிருக்கும். காத்திருந்த வேளையில் மேகம் மலைமேல் இறங்கி ஓடுபாதையை மூடியது.

நகர்பாதை அடைபட்டுக் கிடந்தமையால், இரு விமானங்களும் ஓடுபாதையின் மீதே எதிர்முனை நோக்கி ஊர்ந்து செல்ல நேர்ந்தது. கே.எல்.எம். முன்னே சென்று முனையில் திரும்பி நின்றது. பின்னே வந்த பான் அமெரிக்கன் மூன்றாம் கிளைவழியில் விலக வேண்டும் என்பது கோபுரத்தின் ஆணை. அவ்வழியோ ஏறத்தாழ வந்த திசைக்கே மடங்கும் கூர்திருப்பம். நான்காம் வழியே பெருவிமானத்துக்கு எளிது. மூடுபனியில் மூன்றாம் வழியைக் கடந்து அது நான்காம் வழியை நோக்கிச் சென்றது.

இந்நிலையில் கே.எல்.எம். துணைவிமானி தமக்குக் கிடைத்த பயண வழியனுமதியைத் திருப்பிக் கூறி, ‘இப்போது புறப்பாட்டில் இருக்கிறோம்’ எனப் பொருள்படும் ஒரு தொடரையும் சேர்த்தார். புறப்படும் இடத்தில் நிற்கிறோம் என்றும் கொள்ளலாம்; புறப்பட்டு விட்டோம் என்றும் கொள்ளலாம். கோபுரம் ‘சரி’ என்றது. உடனே, ‘காத்திருங்கள், அழைக்கிறேன்’ என்றும் சொன்னது. அதே நொடியில் பான் அமெரிக்கன், ‘நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான்’ என்று அறிவித்தது. இரு குரல்களும் ஒரே அலைவரிசையில் மோதிக் கீச்சொலியாயின. ‘சரி’ மட்டும் தெளிவாகக் கேட்டது. ‘அவர்கள் இன்னும் விலகவில்லையோ?’ என்று கே.எல்.எம். விமானப் பொறியாளர் ஐயுற்று வினவினார். விலகிவிட்டனர் என உறுதியாகச் சொல்லி, மூத்த தலைமை விமானி விரைவைக் கூட்டினார். ஐயம் அத்துடன் அடங்கிற்று. கே.எல்.எம். விமானத்தில் இருந்த 248 பேரும் மாண்டனர். மற்றதில் 335 பேர் இறக்க, 61 பேர் பிழைத்தனர்.

பழி யாருடையது? அனுமதியின்றிப் புறப்பட்டதே அடிப்படைக் காரணம் என ஸ்பெயின் நாட்டு விசாரணை முடிவு செய்தது. வானொலி உரையாடலில் இரு தரப்பும் ஒருவரையொருவர் தவறாக விளங்கிக் கொண்டதை டச்சுத் தரப்பு வலியுறுத்தியது. நாம் தலைமை விமானியின் தவற்றை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இறந்த ஒருவர் மீது எல்லாச் சுமையையும் ஏற்றிவிட்டால், இருப்பவர் திருந்த வேண்டியது எதுவும் எஞ்சாது. குண்டு, நெரிசல், குறுகிய இடம், மூடுபனி, இருபொருள் சொல், அடக்கப்பட்ட ஐயம் என்னும் இவற்றுள் ஒன்று குறைந்திருப்பினும் அன்றைய மாலை அமைதியாகவே கழிந்திருக்கும்.

உலகம் அவ்வாறே கற்றது. ‘டேக் ஆஃப்’ என்னும் சொல்லை, புறப்பட இறுதி அனுமதி தரும்போதும் அதை நீக்கும்போதும் மட்டுமே சொல்வதென்று விதியாயிற்று. ‘சரி’ என்று மறுமொழி கூறினால் போதாது. ஆணையின் இன்றியமையாப் பகுதியை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். உஸ்தாத் ஓதிக் கொடுத்ததை மாணவன் திருப்பி ஓதிக் காட்டும் பழைய பாடமுறையே இது. தலைமை விமானியிடம் இளையவர் அஞ்சாது ஐயம் எழுப்பவும், அவர் அதைச் செவிமடுக்கவும் பயிற்றும் முறையும் பின்னர் விமான நிறுவனங்களில் வேரூன்றியது.

எனினும் பாடம் முழுமை பெறவில்லை. 2001 அக்டோபர் 8இல், இத்தாலியின் மிலான் லினாத்தே நிலையத்தில் நிறுத்துமிடத்திலிருந்து புறப்பட்ட ஒரு சிறுவிமானம், மூடுபனியில் வழி மாறி ஓடுபாதைக்குள் நுழைந்தது. 118 பேர் இறந்தனர். அங்கும் தரை ரேடார் செயற்படவில்லை. 2024 ஜனவரி 2இல் டோக்கியோவின் ஹனேடாவில், நிலநடுக்க நிவாரணப் பொருளேற்றிய கடலோரக் காவல் விமானம், புறப்பாட்டு வரிசையில் தான் முதலாவது எனக் கேட்டு ஓடுபாதையில் ஏறி நின்றது. தரையிறங்கிய பயணி விமானம் அதன்மேல் மோதியது. காவல் விமானத்தின் அறுவருள் ஐவர் மாண்டனர். பயணி விமானத்தின் 379 பேரும் உயிர் தப்பினர். அதன்பின் ‘முதலாவது’ என வரிசை கூறும் வழக்கத்தையே அங்குச் சிலகாலம் நிறுத்தி வைத்தனர்.

வளைகுடாவுக்கும் புனிதப் பயணத்துக்கும் செல்லும் நம் குடும்பத்தார், விமானம் தரையிலேயே நெடுநேரம் நிற்கும்போது சலிப்படைவதுண்டு. அந்நேரம் அங்கே ஒருவர் ஆணையை உரைக்கிறார். மற்றொருவர் அதைத் திருப்பிச் சொல்கிறார். மூன்றாமவர் ஐயம் தீரக் கேட்கிறார். அந்தச் சில நிமிடங்களுக்கு உரிய விலையை 583 பேர் முன்னரே கொடுத்துவிட்டனர்.