என்ஜின் எண்ணெய்ப் பகுப்பாய்வு: டென்வர் முதல் தண்டையார்பேட்டை வரை

ஓடிக் கறுத்த என்ஜின் எண்ணெயில் சிறிதளவு எடுத்து, அதில் கலந்துள்ள உலோகத்தைக் கொண்டு என்ஜினின் உள்தேய்மானத்தைக் கண்டறியும் முறை ரயில்வேயில் வேரூன்றியது. 1940களில் அமெரிக்காவின் டென்வர்–ரியோ கிராண்ட் ரயில் நிறுவனம் எண்ணெயை எரித்து, எழும் ஒளியின் நிறமாலையைப் படித்தது. இரும்பு கூடினால் லைனரோ ரிங்கோ தேய்கிறது. ஈயமும் செம்பும் கூடினால் பேரிங். சிலிக்கன் கூடினால் பெரும்பாலும் தூசி. அடுத்த பத்தாண்டில் அமெரிக்கக் கடற்படையும் விமான என்ஜின்களுக்கு இதைக் கையாண்டது.

இந்திய ரயில்வேக்கு 1962இல் டபிள்யூ.டி.எம்-2 என்ஜின்கள் வந்தன. 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். இவற்றில் ஒரு பேரிங் பிடித்துக்கொண்டால் கிராங்க் ஷாஃப்டே வீணாகும். வண்டி நடுவழியில் நிற்கும். அதனால் டீசல் ஷெட்டுகளில் எண்ணெய் ஆய்வகம் இன்றியமையாத பகுதியானது. வடசென்னையில் இந்த வகை ஷெட் தண்டையார்பேட்டையில் உள்ளது. நிறமாலைமானி தவிர எளிய சோதனைகளும் உண்டு. மை ஒற்றும் தாளில் ஒரு சொட்டு விட்டால், அது பரவும் வட்டத்தில் கரிப்படிவின் அளவு தெரியும். சூடான தகட்டில் விட்ட சொட்டு படபடவென்று வெடித்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது.

ஆனால் எண்கள் எளிதில் ஏமாற்றும். முன்பு குளிர்நீரில் துருத்தடுப்பானாகக் குரோமேட் உப்பு சேர்ப்பது வழக்கம். எண்ணெயில் குரோமியம் தெரிந்தால், அது குரோம் பூசிய லைனரின் தேய்மானமா, நீர்க்கசிவா என்று வேறு குறிகளையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். புது எண்ணெய் ஊற்றுவதும் கணக்கைக் குலைக்கும். 910 லிட்டர் எண்ணெயில் 100 லிட்டர் புதிதாக இருந்தால், பத்து லட்சத்துக்கு 40 பங்காக இருந்த இரும்பு 36 ஆக இறங்கிக் காட்டும், தேய்மானம் குறைந்துவிடவில்லை. ஊற்றிய அளவைக் குறிக்காத அறிக்கையை நம்புவது கடினம். ஒரே என்ஜினின் அடுத்தடுத்த அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்ப்பதே சரியான வாசிப்பு.

மாதிரி எடுப்பதிலும் இதே கண்டிப்பு வேண்டும். என்ஜின் சூடாக ஓடும்போதோ நிறுத்திய உடனேயோ, வடிகட்டிக்கு முன்னால், எப்போதும் ஒரே குழாயிலிருந்து, புது எண்ணெய் ஊற்றுவதற்கு முன் எடுக்க வேண்டும். முதலில் வரும் எண்ணெயைக் கழித்துவிட்டுச் சுத்தமான, உலர்ந்த குப்பியில் பிடிப்பார்கள். சம்ப்பின் அடியில் வழித்தெடுத்தால் பழைய வண்டல்தான் வரும்.

மற்றொரு குறை பின்னர் தெரிந்தது: சில மைக்ரான் அளவைத் தாண்டிய துகள்களை நிறமாலைமானி சரியாகக் காண்பதில்லை. பேரிங் செதில் செதிலாக உரியும்போதும் அறிக்கை சுத்தமாக இருக்கலாம். 1970களில் அமெரிக்காவில் உருவான ஃபெர்ரோகிராஃபி, காந்தத்தால் துகள்களைக் கண்ணாடித் தகட்டில் படியவைத்து, அவற்றின் வடிவத்தை நுண்ணோக்கியில் காட்டியது.

இந்த முறை கப்பல்களிலும் வழக்கமாயிற்று. வள்ளூர் அனல்மின் நிலையத்தின் நிலக்கரி எண்ணூர் காமராசர் துறைமுகத்தில் இறங்குகிறது. அத்தகைய சரக்குக் கப்பல்களின் பொறியாளர்களும் குறித்த கால இடைவெளியில் என்ஜின் எண்ணெயைக் குப்பியில் பிடித்து, துறைமுகம் வந்ததும் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். குப்பியின் சீட்டில் என்ஜினும் எண்ணெயும் ஓடிய மணிநேரம் எழுதப்பட்டிருக்கும்.