முதல் கட்டமே முதன்மை

இன்று அடுக்குமாடிகள் நிறைந்த செங்காங் வட்டாரத்தில் முன்பு ரப்பர் தோட்டங்கள் இருந்தன. மங்கிலேயே திரிந்துவிட்ட பால், தொழிற்சாலையில் எத்தனை இயந்திரம் இருந்தாலும் முதல்தர ரப்பர் ஆகாது. தோட்ட மக்களாகிய நாம் இதை அறிவோம். வானொலி அலையின் கதையும் இதுவே.

1971-இல் சிங்கப்பூரின் முதல் துணைக்கோள் தரைநிலையம் செந்தோசாத் தீவில் இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அலை மிக மெலிந்தது. அதைப் பெருக்க ஒரே பெருக்கி போதாது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல கட்டங்கள் வேண்டும். ஆனால் ஒவ்வொரு பெருக்கியும் தன் இரைச்சலையும் சேர்க்கிறது. அடுத்த கட்டம் குரலையும் இரைச்சலையும் ஒருசேரப் பெருக்குகிறது.

இதற்குரிய கணக்கை ஹெரால்டு ஃபிரீஸ் 1944-இலேயே வெளியிட்டிருந்தார். முதல் கட்டம் அலையின் வலிமையை 100 மடங்கு பெருக்கினால், இரண்டாம் கட்டத்தின் இரைச்சல் நூற்றில் ஒரு பங்காகவே கணக்கில் சேரும். முதல் கட்டத்தின் இரைச்சலோ முழுமையாக நிற்கும். ஆகவேதான் 1962-இல் டெல்ஸ்டார் துணைக்கோளின் அலையைப் பெற்ற அமெரிக்காவின் ஆண்டோவர் நிலையத்தில், முதல் பெருக்கியைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்தார்கள். குளிர்ந்தால் இரைச்சல் குறையும்.

ஒலி பெருக வேண்டுமானால் பின்னால் கட்டங்களைக் கூட்டலாம். ஆனால் கடல் கடந்து வரும் உறவினர் குரல் தெளிவாகக் கேட்க வேண்டுமானால், முதல் கட்டத்தைத்தான் செம்மைப்படுத்த வேண்டும்.