கிட்டப்பார்வை

பக்கத்தில் இருப்பது தெளிவாகவும் தொலைவில் இருப்பது மங்கலாகவும் தெரிவது கிட்டப்பார்வை. விழிக்கோளம் முன்பின்னாக நீண்டுவிடுவதே பெரும்பாலும் காரணம். வளர்ந்தவரின் விழி ஏறக்குறைய 24 மி.மீ. நீளம் இருக்கும், அதில் 1 மி.மீ. கூடினாலே மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் ‘மைனஸ் பவர்’ இரண்டரைக்குப் போய்விடும். ஒளி விழித்திரையைத் தொடுமுன்பே குவிந்துவிடுகிறது என்று 1604-இல் விளக்கியவர் வானியல் அறிஞர் கெப்ளர். விளக்கத்துக்கு முன்பே கண்ணாடி வந்துவிட்டது: 1462-இல் மிலான் கோமகன் ஃபிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சா ஃபிளாரன்ஸிலிருந்து மூன்று டஜன் மூக்குக்கண்ணாடி வரவழைத்தபோது, அதில் ஒரு டஜன் தூரம் பார்க்க, இளைஞர்களுக்கு என்று கேட்டிருந்தார். விழி ஏன் நீள்கிறது என்பதற்குத்தான் விடை எளிதில் கிடைக்கவில்லை.

பழி முதலில் புத்தகத்தின் மேல் விழுந்தது. ஜெர்மன் மருத்துவர் ஹெர்மன் கோன் பிரெஸ்லாவ் வட்டாரத்தில் 10,060 மாணவர்களைச் சோதித்து 1867-இல் முடிவுகளை வெளியிட்டார்: கிராமப் பள்ளிகளில் 1.4 சதவீதம், பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் உயர்பள்ளிகளில் 26.2 சதவீதம். படிப்பு ஏற ஏறக் கிட்டப்பார்வையும் ஏறியது. ஆனால் கோனே வகுப்பறைக்குப் போதிய பகல் வெளிச்சம் வேண்டுமென்றும் வாதாடினார். பின்வந்தவர்கள் அதை ஒப்புக்குக் கேட்டுக்கொண்டார்கள். கிராமத்துப் பிள்ளைக்குப் படிப்பு குறைவு என்பது மட்டுமா வேறுபாடு? அவன் பகலில் வெளியே திரிந்தவன். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது 2008-இல் வெளியான ஓர் ஒப்பீடு. சீன வம்சாவளியைச் சேர்ந்த ஆறேழு வயதுப் பிள்ளைகளில் சிங்கப்பூரில் 29 சதவீதத்தினருக்கும் சிட்னியில் 3.3 சதவீதத்தினருக்கும் கிட்டப்பார்வை இருந்தது. அதிகம் புத்தகம் படித்தவர்கள் சிட்னிப் பிள்ளைகளே. ஆனால் அவர்கள் வாரத்தில் சுமார் 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள்; சிங்கப்பூரில் அது 3 மணி நேரம். ஆகவே புத்தகத்தைவிடக் கூரையையே நாம் அதிகம் சந்தேகிக்க வேண்டும். வெயில் வெளிச்சத்தில் விழித்திரை சுரக்கும் டோபமைன் விழி நீள்வதைத் தடுக்கிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

பரம்பரை இல்லையா என்று கேட்பார்கள். உண்டு, பெற்றோர் இருவருக்கும் இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு கூடுகிறது. ஆனால் அலாஸ்காவின் பாரோ பகுதியில் நடந்து 1969-இல் வெளியான ஆய்வில் பழங்குடி முதியவர்களிடம் அது அரிதாகவும், பள்ளிக்குப் போன இளையோரில் பாதிக்கு மேற்பட்டவர்களிடமும் இருந்தது. ஓரிரு தலைமுறையில் மரபணு அப்படி மாறாது. பிள்ளைகளை வெளியே விடுவதன் பலன் சிறிது என்ற ஆட்சேபத்துக்கு வலு அதிகம். சீனாவின் குவாங்சோ பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்த சோதனையில், மூன்று ஆண்டுகளில் புதிதாகக் குறை வந்தவர்கள் 30.4 சதவீதம், விடாத பள்ளிகளில் 39.5 சதவீதம். ஏற்கெனவே கண்ணாடி போட்டவர்களுக்கு வெளிச்சம் பெரிதாக உதவுவதாகவும் தெரியவில்லை. ஆனால் 40 நிமிடம் அற்ப அளவுதான். தைவான் 2010-இல் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினம் 2 மணி நேரம் வெளிப்புறம் என்று திட்டம் வகுத்தது. ஆண்டுதோறும் ஏறி 2011-இல் 50 சதவீதத்தைத் தொட்டிருந்த தொடக்கப்பள்ளி மாணவர்களின் பார்வைக்குறைவு, 2015-இல் 46.1 சதவீதமாக இறங்கியிருந்தது.