கரித்தூளும் திறந்த சாளரமும்

அவலாஞ்சியிலிருந்து உதகைக்கு வந்து மலைரயிலேறிக் கீழ்நாடு சென்ற நாட்களில், நம் அன்னையர் மறவாது எடுத்துவைத்தது ஒரு துண்டு. 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் உதகை வரையும் அமைந்தது இப்பாதை. நீராவி எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே நிற்கும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் உருளாதிருக்கவே அவ்வேற்பாடு. ஆகவே, ஏறுகையில் புகை பின்தங்கும். இறங்குகையிலோ முன்செல்லும் எஞ்சினின் கரித்தூள் சாளரம் வழியே முகத்தில் வீழும். எஞ்சினின் புகைப்பெட்டியில் கம்பிவலை பொருத்திப் பெரும் பொறிகளைத் தடுத்தனர். நுண்சாம்பல் அதற்கு அடங்கவில்லை. 16 குகைகளிலும் புகை சூழும்.

காப்பும் கட்டணத்திற்கேற்பவே கிடைத்தது. வடநாட்டில் 1934-இலேயே பிராண்டியர் மெயிலில், பனிக்கட்டியால் குளிரூட்டி, சாளரம் அடைத்த பெட்டி ஓடிற்று. மூன்றாம் வகுப்பிலோ நெரிசலும் வெக்கையும் மிகுதி. பலகைக் கதவை இறக்கினால் மூச்சு முட்டும், ஏற்றினால் கண் கலங்கும். நம்மவர் ஏறியது அவ்வகுப்பில்தான். 1974-இல் அதன் பெயர் நீங்கிற்று; திறந்த சாளரம் நீங்கவில்லை. சமவெளியில் டீசலும் மின்சாரமும் வந்தபின்னரே கரித்தூள் ஒழிந்தது. மலையிலும் சில எஞ்சின்கள் எண்ணெய்க்கு மாறின.

“கண்ணைக் கசக்காதே, தண்ணீரால் கழுவு” என்பார் நம் அன்னையார். கழுவியபின் துண்டைப் பார்ப்போம், கறுத்திருக்கும்.