காலுக்கு மட்டும் ஒரு மோட்டார்

உங்கள் கார் பானெட்டுக்குள் இருக்கும் ஒரு ஆசாமிக்கும், ஆரணியில் பட்டுத்தறியின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆசாமிக்கும் ஒரே உத்தியோகம்தான். ‘இப்போ திற... இப்போ மூடு’ என்று உத்தரவு போடுவது!

காரில் இருப்பவர் பெயர் கேம்ஷாஃப்ட். முட்டை வடிவப் புடைப்புகளோடு சுழல்கிற ஒரு தண்டு. புடைப்பு வந்து அழுத்தினால் வால்வு திறக்கும், நகர்ந்தால் மூடிக்கொள்ளும். என்ஜின் எப்போது மூச்சை இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு. தறியில் இருப்பவர் ஜக்கார்டு பெட்டி. ஓட்டை குத்திய அட்டைகளை மாலையாகக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அட்டையில் ஓட்டை இருந்தால் அதற்கு நேரான கொக்கி பாவு இழையைத் தூக்கும். இல்லையென்றால் இழை கீழேயே கிடக்கும். நடுவில் கிடைக்கிற சந்தில் நாடா பாய்கிறது. முந்தானையில் மயில் வந்து உட்காருகிறது!

இந்த இரண்டு ஆசாமிகளைப் பற்றியும் இன்று ஒரே கேள்விதான்: ‘மாத்தலாமா, வேண்டாமா?’ டர்போ கார் வைத்திருக்கும் இளைஞர், இன்னும் வேகம் வேண்டி கேம்ஷாஃப்டை மாற்றலாமா என்று மெக்கானிக்கைக் கேட்கிறார். ஆரணி, தேவிகாபுரம், ஒண்ணுபுரம் பக்கத்து நெசவாளர், ஜக்கார்டைத் தூக்க மோட்டார் வைக்கலாமா என்று யோசிக்கிறார். முன்னவர் தப்பாக முடிவெடுத்தால் பர்ஸ் இளைக்கும். பின்னவர் விஷயத்தில் முழங்கால், சோறு இரண்டுமே பணயம்.

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

1751 டிசம்பர். ஆரணிக்கு அருகே ராபர்ட் கிளைவ், சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபையும் அவருக்குத் துணையாக வந்த பிரெஞ்சுப் படையையும் முறியடிக்கிறார். அந்தப் பிரெஞ்சுக்காரர்களின் சொந்த ஊரில் அப்போது வேறொரு போராட்டம், பட்டுத்தறியோடு! பூ வேலை செய்ய நெசவாளர் ஒருவர் போதாது. கயிறுகளை வரிசை தவறாமல் இழுத்துக் கொடுக்க ஓர் உதவியாள் வேண்டும். பெரும்பாலும் ஒரு சிறுவன். பையன் கண்ணயர்ந்து கயிறு மாறினால் மயிலுக்கு மூக்கு கோணிக்கொள்ளும்.

பையனுக்குப் பதில் ஓட்டைகளை நம்பலாமே என்று 1725-ல் பஸீல் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளை முயன்றார். 1728-ல் ஃபால்கோன் அதை அட்டையாக்கினார். 1745-ல் வோக்கன்சோன், ஆளே இல்லாமல் இயங்கும் தறிக்கு முயன்றார். இத்தனை பேர் வேலையையும் சேர்த்துப் பிசைந்து, 1804-ல் ஜோசப் மரி ஜக்கார்டு தன் கருவியைக் கொண்டுவந்தார். லியோன் நகர நெசவாளர்கள் கொதித்துப் போனார்கள். பிழைப்பில் மண் விழுந்துவிடும் என்ற பயம். நெப்போலியனோ ஜக்கார்டுக்குப் பென்ஷன் கொடுத்தார்! 1812-க்குள் பிரான்சில் சுமார் 11,000 ஜக்கார்டு தறிகள். பிறகு இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் அதே அட்டை யோசனையைத் தன் கணக்கு இயந்திரத்துக்குக் கடன் வாங்கியதும், அது இன்றைய கம்ப்யூட்டருக்குத் தாத்தாவானதும் உங்களுக்குத் தெரிந்த கதை.

இதில் ஒரு விஷயம் கண்ணில் படாமலே போய்விடும். ஜக்கார்டு கயிறு இழுக்கும் பையனை அனுப்பிவிட்டது, சரி. அவன் தூக்கிய பாரம் எங்கே போயிற்று? நெசவாளரின் காலுக்கு வந்தது! ஒவ்வொரு ஊடை இழைக்கும் ஒருமுறை மிதிக்க வேண்டும். மிதித்தால்தான் பெட்டி இழைகளைத் தூக்கும். ஆறு கஜம் என்றால் 216 அங்குலம். அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொண்டால், ஒரு சேலைக்கு 12,960 மிதி. கனமான டிசைன் என்றால் ஒவ்வொரு மிதியும் கனம். ‘முட்டி போச்சுங்க’ என்று நாற்பது வயதிலேயே ஒருவர் சொன்னால், அதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

சரி, மோட்டார் மாட்டிவிடலாமே? அவசரப்படாதீர்கள். முதலில் காருக்குப் போவோம்.

1905-ல் சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் புஷி டர்போவுக்குக் காப்புரிமை வாங்கினார். வெளியே போகும் புகையாலேயே ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து, அதைக்கொண்டு என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் யோசனை. பந்தயத்துக்கான கேம்ஷாஃப்ட் வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும். உள்ளே விடும் வால்வும் வெளியே விடும் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரமும் கூடும். டர்போ இல்லாத என்ஜினில், அதிக வேகத்தில் இது லாபம். டர்போ உள்ள என்ஜினிலோ, வெளியேறும் பக்கத்தில் அழுத்தம் கூடுதலாக இருந்தால் புகையே உள்ளே திரும்பும். உள்ளே வரும் பக்கம் கூடுதலாக இருந்தால், காசு போட்டுத் திணித்த காற்று சும்மா வெளியே ஓடிவிடும். டவுனுக்குள் ஓட்டும்போது வண்டி மந்தமாகும். ஸ்பிரிங், பெட்ரோல் அளவு, கம்ப்யூட்டர் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால்தான் பலன். அதனால் நல்ல மெக்கானிக் முதலில் கேட்பது, ‘எங்கே சார் மூச்சு முட்டுது?’ என்றுதான்.

ஆரணித் தறியிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். எங்கே வலிக்கிறது? காலில். கையில் அல்ல. நாடாவை ஓட்டும் கை, ஊடையைப் பலகையால் அடித்து நெருக்கும் கை, இழை அறுந்தால் உடனே நின்று முடிச்சுப் போடும் கை... இவைதான் அந்தச் சேலையின் விலை. அதற்கும் சேர்த்து மோட்டார் வைத்தால் தறி வேகமாகும், உண்மைதான். ஆனால் அப்புறம் அது விசைத்தறி. விசைத்தறியோடு விலையில் போட்டி போட்டுக் கைத்தறி எங்கே ஜெயிப்பது?

சட்டமும் இந்த எல்லையில்தான் நிற்கிறது. 1985-ல் வந்த கைத்தறி ரகங்கள் ஒதுக்கீட்டுச் சட்டம், விசைத்தறி அல்லாத தறிதான் கைத்தறி என்றது. விசைத்தறிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1993-ல் சுப்ரீம் கோர்ட் சட்டம் செல்லும் என்றது. முதலில் 22 ரகங்கள் ஒதுக்கப்பட்டன. 1996-ல் அது 11 ஆகச் சுருங்கியது. 2012 வாக்கில், ‘ஏதாவது ஒரு வேலை கையால் நடந்தாலே போதும், அதுவும் கைத்தறிதான்’ என்று விளக்கத்தைத் தளர்த்தும் யோசனை டெல்லியில் எழுந்தது. பலத்த எதிர்ப்பு. பயப்பட வேண்டியதுதானே? ஒரே ஒரு வேலைக்குக் கையை வைத்துக்கொண்டு, மிச்சத்தையெல்லாம் மெஷினிடம் கொடுத்துவிட்டு, ‘கைத்தறி’ என்று லேபிள் ஒட்டிவிடலாமே!

ஆனால் அந்தப் பயத்தில் ஒருவரின் முழங்காலையும் பணயம் வைக்கச் சொல்வது நியாயமில்லை. கை நெய்யட்டும், தூக்குவதை மோட்டார் செய்யட்டும். 2016-ல் வந்த மத்திய அரசுத் திட்டம், தறி உபகரணங்களின் விலையில் 90 சதவீதத்தை ஏற்றுக்கொண்டது. அதுபோன்ற உதவி வரும்போது நெசவாளர் கேட்க வேண்டிய கேள்வி, ‘எவ்வளவு வேகம் கூடும்’ என்பதல்ல. ‘என் கையிலிருந்து எதை எடுக்கும், என் காலிலிருந்து எதை எடுக்கும்’ என்பதுதான்.

நீங்கள் ஆரணிப் பட்டு எடுக்கப் போகும்போது, 2006-ல் அறிமுகமான கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். அது இருக்கும் சேலையில், மிதித்தது காலா மோட்டாரா என்று கவலைப்படாதீர்கள். நெய்தது கையா என்று மட்டும் கேளுங்கள். ஒரு மோட்டாரால் அந்த மனிதர் இன்னும் பத்து வருஷம் தறியில் உட்காருவார் என்றால், அது மயிலுக்கும் நல்லதுதானே!