விதவை என்றொரு முத்திரை

பிரான்சின் ரேம்ஸ் நகரில் 1805ஆம் ஆண்டு பிரான்சுவா கிளிக்கோ என்ற மது வணிகர் காய்ச்சலில் இறந்தார். அவர் மனைவி பார்ப்-நிக்கோலுக்கு அப்போது வயது 27. ஒரே மகளுக்கு ஆறு. மாமனார் கடையை மூடிவிடலாம் என்றார். பார்ப்-நிக்கோல் தானே நடத்துவதாகச் சொன்னார்.

எப்படி முடிந்தது? அதற்கு முந்தைய ஆண்டுதான் நெப்போலியனின் சிவில் சட்டம் வந்திருந்தது. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றது அது. மணமான பெண் கணவன் சம்மதமின்றி வணிகம் செய்ய முடியாது. அந்தப் பூட்டு விதவைக்கு இல்லை. ஆக, கணவன் செத்தால்தான் கையெழுத்துப் போடும் உரிமை. 1810இல் அவர் தன் நிறுவனத்துக்கு வைத்த பெயர் 'வெவ் கிளிக்கோ போன்சார்டின்'. வெவ் என்றால் விதவை. போன்சார்டின், பிறந்த வீட்டுப் பெயர்.

ஷாம்பேனின் நுரை, புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிப்பதால் வருவது. ஆனால் நொதித்த ஈஸ்ட் வண்டலாகத் தங்கி மதுவைக் கலங்கலாக்கிவிடும். 1816 வாக்கில் அவரது கிடங்கில் இதற்கு வழி பிறந்தது: துளையிட்ட மேசையில் புட்டிகளைத் தலைகீழாகச் செருகி, தினமும் சிறிது சிறிதாகத் திருப்பினால் வண்டல் கழுத்துக்கு இறங்கிவிடும், தக்கையைத் திறந்து அதை மட்டும் வெளியேற்றலாம். சமையற்கட்டு மேசையில்தான் முதலில் துளை போட்டார் என்றொரு கதை உண்டு. பெண் எதைக் கண்டுபிடித்தாலும் அதைச் சமையற்கட்டில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள்.

நம்மூரில் விதவை என்ற சொல்லில் பொட்டில்லை, கைம்பெண் என்பதில் இரண்டு பொட்டு உண்டு என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள். அப்போதும் அளவுகோல் பொட்டுதான். புறநானூற்றில் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, தீப்பாயுமுன் கைம்மையின் உணவுப் பட்டியலையே தருகிறார்: நெய்யில்லாத பிழிந்த சோறு, எள் துவையல், புளியிட்டு வெந்த வேளைக்கீரை, படுக்கை பாயின்றிப் பருக்கைக் கல்லின்மேல். கைம்மை என்பது முதலில் நாவின் மீதான தடை.

அப்பா போன பிறகு என் அம்மாவுக்கும் எது ஆகும், எது ஆகாது என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். சினிமாவில் பொங்கி வழியும் அந்த மதுவை ஒரு வாய் ருசிக்க வேண்டும் என்று அவள் ஒருநாள் சொன்னபோது, எதை வாங்குவது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. கணவனுக்குப்பின் 1858இல் நிறுவனத்தை ஏற்ற லூயிஸ் பொம்மெரியின் புட்டியும் கடையில் இருந்தது. நான் எடுத்தது கிளிக்கோவை, அதன் முகப்புச் சீட்டின் மஞ்சளுக்காக. பார்ப்-நிக்கோல் இறந்து 11 ஆண்டுகள் கழித்து, 1877இல் வணிக முத்திரையாகப் பதிவான நிறம் அது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது வெறும் நிறம். தாலிச்சரட்டிலிருந்து மஞ்சளை இழந்தவளுக்கு அப்படியல்ல. புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "விதவைன்னு பேர் போட்டா விக்குமா?" என்றாள்.

விற்றது. 1814இல், போர் முடிந்த கையோடு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புட்டிகளை ரஷ்யச் சந்தைக்குக் கப்பலேற்றினார் அந்த விதவை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. மகள் க்ளெமாந்தீனை அவர் ஒரு பிரபுவுக்கு மணமுடித்துக் கொடுத்தார். தொழில், கூட்டாளியான எதுவார் வெர்லே என்ற ஆணுக்குப் போயிற்று. மகளுக்குக் கிடங்கின் கணக்குப் புத்தகம் தரப்படவில்லை.