கடைசிப் படி: ஸ்தல ஸ்தாபனங்களும் சேரியின் தண்ணீரும்



தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போவது? பள்ளிப் பாடப்புத்தகம் இதற்குச் சுருக்கமாகப் பதில் வைத்திருக்கிறது. மேலே மாவட்ட ஊராட்சி, நடுவில் ஊராட்சி ஒன்றியம், கடைசிப் படியாகக் கிராம ஊராட்சி. கடைசிப் படிதான் மக்களுக்கு மிக அருகில் இருக்கிறது, அங்கே கேட்டால் கிடைக்கும் என்பது பாடம். சேரியின் வரலாறு வேறு. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த படியே நமக்கு மிகத் தூரமாக இருந்தது. மாகாண சட்டசபையில் கிடைத்த உரிமை ஊர்ச் சாவடியில் மறுக்கப்பட்டது. இந்த நினைவுச் சொற்பொழிவில் நாம் அந்தத் தூரத்தைத்தான் அளந்து பார்க்கப் போகிறோம்.

மகத்திலிருந்து தொடங்குவோம். நம் மேடைகளில் 1927 மார்ச் 20 பேசப்படுகிறது. அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்திய நாள் அது. அதற்கு முந்தைய மூன்றரை ஆண்டுகளை யாரும் பேசுவதில்லை. நமக்கு இன்று அவைதான் பாடம். 1923 ஆகஸ்டில் பம்பாய் சட்டசபையில் எஸ்.கே.போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப் பணத்தில் கட்டிய, பராமரிக்கப்படும் குளம், கிணறு, பள்ளி, சத்திரம் எல்லாம் தீண்டப்படாதோருக்கும் திறக்கப்பட வேண்டும் என்றது தீர்மானம். அது நிறைவேறியது. அரசு தன் துறைகளுக்கும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. 1924 ஜனவரியில் மகத் நகராட்சி, குளம் எல்லோருக்கும் பொது என்று தானே தீர்மானமும் போட்டது. மேல்படி சொன்னது, நடுப்படி அனுப்பியது, கடைசிப் படியும் கையெழுத்திட்டது. தாளில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு மகர் கூட அந்தக் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிவிட முடியவில்லை.

1926 ஆகஸ்டில் போலே மறுபடியும் வந்தார். தீர்மானத்தை அமல்படுத்தாத நகராட்சிகளுக்கும் போர்டுகளுக்கும் அரசு மானியத்தை நிறுத்த வேண்டும் என்றார். நோய் எங்கே என்று அவர் சரியாகவே கண்டுபிடித்திருந்தார். சுற்றறிக்கைக்கு அசையாத நிர்வாகம் மானியம் நின்றால் அசையும். அப்படியும் அசையாத இடத்தில்தான் மக்கள் தாங்களே நடந்துபோய்க் குளத்தில் இறங்கினார்கள். அன்றே அவர்கள் தாக்கப்பட்டார்கள். குளத்துக்குத் தீட்டுக்கழிப்பு நடந்தது. 1927 ஆகஸ்டில் நகராட்சி தன் 1924 தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. டிசம்பரில் இரண்டாம் மாநாட்டுக்கு முன்பாக, குளம் தனியார் சொத்து என்று வழக்குப் போட்டுத் தடையாணையும் வாங்கினார்கள். நேற்றுவரை நகராட்சியினுடையதாக இருந்த குளம், நாம் இறங்கியதும் தனிச்சொத்து ஆகிவிட்டது! பம்பாய் உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது 1937 மார்ச்சில். ஒரு கை தண்ணீருக்குப் பத்தாண்டு.

சென்னை மாகாணத்துக்கு வருவோம். ரிப்பன் பிரபுவின் 1882 தீர்மானத்தைத் தொடர்ந்து, 1884 சட்டத்தின்படி இங்கே ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்று மூன்று அடுக்குகள் வந்தன. இங்கிலாந்தின் கவுண்டி கவுன்சில்களுக்கான சட்டமே 1888-இல்தான் வந்தது. ஆட்சி அடுக்குகள் நமக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறோம். சாலை, சந்தை, ஆரம்பப் பள்ளி, மருந்தகம், கிணறு இவையெல்லாம் இந்தப் போர்டுகளின் கையில் இருந்தன. வரி கட்டுவோருக்கும் சொத்து உள்ளோருக்கும்தான் வாக்கு. நம் ஆட்கள் உள்ளே போனது பெரும்பாலும் நியமனத்தால். போர்டு பள்ளிகள் பல அக்ரகாரத்திலும் கோயில் மண்டபத்திலும் சாவடியிலும் நடந்தன. பள்ளியில் சேர்க்க மாட்டோம் என்று யாரும் எழுதி வைக்க வேண்டிய தேவையே இல்லை. அந்தத் தெருவுக்குள் குழந்தை கால் வைக்க முடியாது, அவ்வளவுதான்.

சட்டசபைக்குள் நுழைந்த முதல் தலைமுறை இதை நன்றாக அறிந்திருந்தது. எம்.சி.ராஜா, இரட்டைமலை சீனிவாசன், கோயம்புத்தூரின் ஆர்.வீரையன் ஆகியோர் நியமன உறுப்பினர்கள்தான். ஆனால் அவர்கள் எழுப்பியவை நேராகக் கிணற்றடிக்கும் தெருவுக்கும் போகும் கேள்விகள். 1924-இல் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் எதிலும் எவருக்கும் தடை இல்லை என்று அறிவிக்கச் செய்தது. வீரையன் அதோடு நிற்கவில்லை, தடுப்போருக்குத் தண்டனை வேண்டும் என்று ஸ்தல ஸ்தாபனச் சட்டத்தையே திருத்தப் பாடுபட்டார். தீர்மானம் என்பது விருப்பம், தண்டனை இருந்தால்தான் அது சட்டம் என்பதை அன்றே உணர்ந்தவர் அவர். அவர் பெயர் நம் இளைஞர்களுக்கு இன்று தெரியாமல் இருப்பது நம் எழுத்தின் குறை.

இதே காலத்தில் அரசு இன்னொரு வழியும் கண்டுபிடித்தது. போர்டு கிணற்றில் விடமாட்டார்களா, சரி, தொழிலாளர் கமிஷனர் இலாகா மூலம் சேரிக்குத் தனிக் கிணறு, தனிப் பள்ளி, தனி மனைப்பட்டா. இதைத் தூக்கி எறிந்து பேசிவிட நமக்கு மனமில்லை. அந்தப் பள்ளிகளில் படித்து எழுந்துவந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இந்த அரங்கில் இருப்பார்கள். ஆனாலும் ஒன்றைப் பார்க்க வேண்டும். கடைசிப் படியில் இருந்த சாதியைத் தொடாமல், அந்தப் படியைச் சுற்றிக்கொண்டு போக ஒரு பாதை போடப்பட்டது. ஊர்க் கிணறு ஊர்க் கிணறாகவே இருந்தது. மேலே மனு கொடுத்துக் கீழே வசதி வாங்கும் நம் பழக்கமும் அங்கேதான் உறைந்தது.

1930 வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து கொடுத்த பாதுகாப்புத் திட்டத்தில், சாலை, கிணறு, குளம், பள்ளி ஆகியவற்றைத் தடுப்பது குற்றம், சமூகப் பகிஷ்காரமும் குற்றம் என்று சட்டமாக்கக் கேட்டார்கள். கிணற்றில் நீர் எடுத்தவனுக்கு மறுநாள் வேலை இல்லை, கடையில் உப்பு இல்லை என்றால் உரிமையை வைத்து என்ன செய்வது? 1932 அக்டோபரில் பம்பாய் சட்டசபையில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது அம்பேத்கர் அதை எதிர்த்தார். வயது வந்தோர் எல்லோருக்கும் வாக்கு என்பது மட்டும் போதாது, ஒவ்வொரு கிராமத்திலும் நம் மக்கள் சிறுபான்மை, தனி இடம் ஒதுக்காத பஞ்சாயத்து ஊரின் கையில் இன்னொரு கோலாகிவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். அம்பேத்கர் கிராமத்துக்கு விரோதி என்று எழுதுவோர் இந்த விவாதத்தைப் படித்துவிட்டு எழுதட்டும். அவர் பஞ்சாயத்து வேண்டாம் என்று மட்டும் சொல்லி உட்காரவில்லை, அதில் நமக்கு நாற்காலி கேட்டார்.

அந்த நாற்காலி வர அறுபது ஆண்டுகள் ஆயின. இடையில் 1958 சட்டங்களால் ஜில்லா போர்டு போய், ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல், தேர்தல் 1996-இல். மக்கள்தொகைக்கு ஏற்பத் தலைவர் பதவிகளும் ஒதுக்கப்பட்டன. அதன் பிறகு நடந்ததை நாம் எல்லோரும் அறிவோம். மேலவளவின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனால் தன் அலுவலகத்துக்குள் போக முடியவில்லை. 1997 ஜூன் 30 அன்று, எரிக்கப்பட்ட வீடுகளுக்கு இழப்பீடு கேட்டு மதுரையில் ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும் வழியில் அவரும் ஐந்து தோழர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மேல்படிக்குப் போய்விட்டு ஊர் திரும்பும் பாதையிலேயே அவர்களை மறித்தார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் பத்தாண்டுகள் தேர்தலே முறையாக நடக்கவிடவில்லை. நடந்தாலும் வென்றவரை உடனே பதவி விலக வைத்தார்கள். 2006-இல்தான் அது முடிவுக்கு வந்தது.

நாற்காலி கிடைத்த இடத்திலும் காசோலையில் கை மாட்டிக்கொண்டது. ஊராட்சிப் பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவி நமக்கு ஒதுக்கப்பட்டது. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள், அதற்கு ஒதுக்கீடு இல்லை. அவர் பேனாவை மூடி வைத்தால் மோட்டார் பழுது பார்க்கவும் பணம் வராது. மூன்று மாதம் குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஊரார் திட்டுவது தலைவரைத்தானே! கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் 2020-இல் தலைவரைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்திய படத்தைப் பார்த்தோம். படத்தில் விழாத தெற்குத்திட்டைகள் இந்தக் காசோலைகளில் இருக்கின்றன.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் நம் மக்களுக்கான மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அம்மக்கள் அதை ஏற்கவில்லை. தனிக் கிணற்றின் காலம் முடிந்ததா என்று கேட்போருக்கு அந்தத் தொட்டியைக் காட்டலாம்.

இனி, கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். குடிநீர், தெருவிளக்கு, வடிகால், சுடுகாடு இவை கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமைகள், 1994 சட்டத்தின் 110-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுப்பது நமக்குக் கைவந்த கலை. ஊராட்சிகளின் ஆய்வாளரும் ஆட்சியர்தான் என்பதால் அது வீண் வேலை அல்ல. ஆனால் மனுவில் வருவது ஒரு குழாய், ஒரு முறை. கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தில் ஏறினால் அது ஊராட்சியின் கடனாகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் இப்போது சபை நாட்கள். சபை ஊர்ச் சாவடியிலோ கோயில் வாசலிலோ கூடுமானால், முதல் சண்டை கூடும் இடத்தைப் பற்றியதாகவே இருக்கட்டும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ கடமை செய்யவிடாமல் மிரட்டுவதையும் தடுப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. பொது நீர்நிலை, சாலை, சுடுகாட்டைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் அதில் குற்றம். வீரையன் கேட்ட தண்டனை இப்போது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆகவே சபைக்குப் போகும் மாணவர்கள் தெருவின் பெயரை எழுத்தில் சொல்லுங்கள். 'காலனிக்கு வசதி' என்று பொதுவாக எழுதினால் பணம் வேறு தெருவுக்குப் போகும். தீர்மானம் எழுதப்படும்வரை எழுந்து போகாதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நகல் தரவில்லை என்றால் மறுநாளே பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள், அதன் ரசீதையும் தபால் அத்தாட்சியையும் ஒரே கோப்பில் வையுங்கள்.